இளம் வைத்தியர் கிராமத்தை நாடுவது ஏன்?

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது நம் நாட்டுப் பழமொழி. அச்செல்வம் பட்டணத்தார்க்கு ஒரு விதமாகவும் கிராமத்தார்க்கு வேறொரு விதமாகவும் பங்கிடப்பட்டிருத்தல் கண்கூடு. பட்டணவாசி ஒருவனுக்கு நள்ளிரவில் நெஞ்சு வலி காணின், அரைமணி நேரத்தில் அவன் ஆஸ்பத்திரியைச் சேர்ந்து விடுகின்றான். மலையடிவாரத்துச் சிற்றூரில் வாழ்பவனுக்கோ, வழியும் வண்டியும் வாய்த்த பின்னரே வைத்தியரைப் பற்றிய சிந்தனை எழும். ஆதலின், ‘வைத்தியர் ஏன் கிராமங்களுக்குச் செல்வதில்லை?’ என்னும் வினாவைப் பலரும் பலகாலும் கேட்டு வருகின்றனர்.

நாம் இக்கட்டுரையில் அவ்வினாவைச் சற்றுத் திருப்பிக் கேட்கக் கருதுகின்றோம். செல்லாதார் பலராயினும் செல்வார் சிலர் உளர் அன்றோ? ஐந்தரை யாண்டு அரும்பாடுபட்டுப் பட்டம் பெற்ற இளைஞர், பட்டணத்து வசதிகள் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பவும், அவற்றை விடுத்துக் கிராமத்துச் சர்க்கார் வைத்தியசாலைக்குச் செல்வது எதனால்? செல்லாதாரை வைதுகொண்டிருப்பதினும், சென்றாரை உற்று நோக்கி அவர் சென்ற காரணத்தை அறிதல் பெரிதும் பயன் தருவதாகும்.

முதற்கண் கிராம வைத்திய அமைப்பு எத்தகையது என்பதைச் சுருங்கக் கூறுவாம். 1939-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரச் சட்டம் நிறைவேறிற்று. இந்திய நாட்டில் இத்துறையில் எழுந்த முதற் சட்டம் அதுவே. பின்னர் 1943-இல் ஸர் ஜோசப் போர் என்பார் தலைமையில் அமைந்த கமிட்டி 1946-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. பணங்கொடுக்க இயலாமை காரணமாக வைத்திய உதவி ஒருவருக்கும் கிட்டாமற் போகலாகாது என்பது அவ்வறிக்கையின் அடிப்படைக் கொள்கை. அதனை யொட்டி, 1952 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்கள் நாடெங்கும் தோன்றலாயின. சமவெளியில் 30,000 மக்களுக்கு ஒரு நிலையம். மலைப் பிரதேசங்களிலும் பழங்குடியினர் வாழும் இடங்களிலும் 20,000 மக்களுக்கு ஒன்று. அதன் கீழ், சமவெளியில் 5,000 பேருக்கும் மலையில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம். இவ்வளவைச் சர்க்கார் வகுத்தது. கட்டடம் எழுப்புதல் எளிது. அதனுள் அமர்ந்து நாடி பார்க்கும் ஒருவரைப் பெறுதலே அரிது.

இளைஞர் அங்குச் செல்வதற்கு உலகத்தார் இரண்டு காரணங்களை எளிதிற் கூறிவிடுவர். ஒன்று கட்டாயம், மற்றொன்று தியாகம். சர்க்கார் எழுதி வாங்கிக்கொண்ட ஒப்பந்தத்தால் சென்றனர் என்பார் ஒரு சாரார். உலக வாழ்வை வெறுத்துத் தொண்டுபூண்டு சென்றனர் என்பார் மற்றொரு சாரார். இவ்விரண்டிலும் உண்மை உண்டு; ஆயினும் முழுமை இல்லை. கட்டாயத்தாற் சென்றவர், கட்டு அவிழ்ந்த அன்றே திரும்பிவிடக் கூடும். தியாகமோ வணங்கத்தக்கதே; எனினும் பல்லாயிரக் கணக்கான நிலையங்களை அதனை மட்டுமே நம்பி நடத்தல் ஆகாது. அன்றியும், தியாகம் என்று புகழ்வதில் ஒரு தீங்கும் உண்டு. ஒருவரைத் தியாகி என மாலையிட்டுப் போற்றிய கூட்டம், அவர் குடியிருக்கும் சர்க்கார் வீட்டின் கூரை ஒழுகுகின்றதா என்று கேளாமலே கலைந்து விடுகின்றது. ஆதலின் இவ்விரண்டற்கும் இடையே உள்ள காரணங்களையே நாம் ஆராய்தல் வேண்டும்.

அவற்றுள் முதலாவது பிறந்த இடம். உலக சுகாதார ஸ்தாபனம் 2010-ஆம் ஆண்டிலும், மீண்டும் 2021-ஆம் ஆண்டிலும், கிராமங்களில் வைத்தியரை நிலைநிறுத்தும் வழிகளைக் குறித்து யோசனைகள் வெளியிட்டது. கிராமத்திற் பிறந்து வளர்ந்த மாணவரை வைத்தியக் கல்லூரிகளிற் சேர்த்தல் அவற்றுள் தலையாயதாக வைக்கப்பட்டுள்ளது. கிராமத்தான் கிராமத்திற்குத் திரும்புதல், பட்டணத்தான் கிராமத்திற்குச் செல்லுதலினும் எளிது என்பதைப் பல தேசத்து அநுபவமும் காட்டி நிற்கின்றது. காடுகள் நிறைந்த சத்தீஸ்கட் இராஜ்யத்தில், கிராமத்தை விட்டு நீங்காது பல்லாண்டு பணிபுரிந்த சர்க்கார் வைத்தியரையே நேரிற் கண்டு காரணம் வினவிய ஆராய்ச்சி ஒன்று 2012-இல் வெளிவந்தது. அவர் கூறியவை பெரும்பாலும் எளிய காரணங்களே: இது நம் பக்கத்து ஊர், இம்மக்கள் நம்மவர், மனைவிக்கும் அல்லது கணவர்க்கும் அருகிலேயே வேலை, உடன் பணிபுரிவார் நல்லவர், செய்யும் தொழிலில் மனநிறைவு. பெரும் இலட்சியங்களோடு இத்தகைய சிறு காரணங்களும் கூடி நின்றே ஒருவரை ஓரிடத்தில் நிறுத்துகின்றன.

ஆகவே, நாளைக் கிராமத்திற்குச் செல்லும் வைத்தியர் யார் என்பது, இன்று கல்லூரியின் வாயிலில் யார் உட்புகுகின்றனர் என்பதைப் பொறுத்தது. தமிழ்நாட்டில் 2020-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், சர்க்கார் பள்ளிகளிற் பயின்ற மாணவர்க்கு வைத்தியப் படிப்பில் நூற்றுக்கு 7.5 வீதம் இடங்களை ஒதுக்கிற்று. அப்பள்ளிகளுட் பல கிராமங்களில் உள்ளவை. அவ்வழியாக உட்புகுந்த மாணவர், வயல் வேலை செய்வாரின் முதுகு வலியையும், குடிநீர்க்காக நெடுந்தூரம் நடக்கும் பெண்களின் இளைப்பையும், புத்தகம் திறப்பதற்கு முன்னரே அறிந்தவர் ஆவர்.

இரண்டாவது காரணம், கல்வி பெறும் இடமும் முறையுமாம். இதற்கு நம் தமிழ் மக்களிடையே நூற்றெழுபது ஆண்டுகட்கு முன்னரே நிகழ்ந்த ஓர் அரிய உதாரணம் உண்டு. அமெரிக்க தேசத்து வைத்தியராகிய சாமுவேல் பிஸ்க் கிரீன் என்பார் 1847-இல் யாழ்ப்பாணம் சேர்ந்து, மானிப்பாயில் வைத்தியசாலை அமைத்து, 1848 முதல் மாணவர்க்கு மேனாட்டு வைத்தியம் கற்பிக்கலானார். தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலத்திற் கற்றுத் தேர்ந்தவர் சர்க்கார் உத்தியோகத்தை நாடிப் பிற இடங்கட்குச் செல்லுதல் இயல்பாயிற்று. சுற்றுப்புறக் கிராமங்களோ முன்போலவே வைத்தியரின்றிக் கிடந்தன. 1860-ஆம் ஆண்டுகளில் கிரீன் தம் வகுப்பைத் தமிழிலேயே நடத்தத் துணிந்தார். அதற்கு நூல்கள் வேண்டுமே! மாணவர் துணையோடு பிரசவ வைத்தியம், இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம் முதலிய நூல்களைத் தமிழாக்கி வெளியிட்டார். தம் மாணவர் நடையுடைகளில் மேனாட்டாரைப் பின்பற்றாது தமிழராகவே வாழ்தல் வேண்டும் என்றும் விரும்பினார். அவரிடம் கற்றுத் தேர்ந்தோர் அறுபதின்மருக்கு மேற்பட்டவர். 1884-இல் தம் தாய்நாட்டில் அவர் காலமானபோது, தமிழர்க்கு வைத்தியத் தொண்டு புரிந்தவர் என்பதே அவர் கல்லறையிற் பொறிக்கப்பட்டது.

கிரீன் கண்ட உண்மை இந்நாளிலும் பொருந்துவதே. நோயாளியின் மொழியிற் சிந்திக்கக் கற்ற வைத்தியர்க்கு அந்நோயாளி அந்நியன் ஆகான். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றினுள்ளேயே ஐந்தாண்டும் அடைபட்டுக் கற்றவர்க்கோ, அரிய நோய்கள் பழகும். எளிய மனிதர் பழகார். பெரிய யந்திரங்களை வைத்து நோயறியப் பழகிய கண், அவை இல்லாத இடத்தில் திகைக்கும். அத்திகைப்பையே நாம் பல சமயங்களில் சேவையில் விருப்பமின்மை என்று தவறாகக் கருதி விடுகின்றோம்.

யாழ்ப்பாணத்திற் கிரீனுக்கு முன்னரே 1819-இல் வந்த வைத்தியர் ஜான் ஸ்கடர் என்பவரின் பேத்தியே, வேலூரிற் புகழ்பெற்ற ஐடா ஸ்கடர் அம்மையார். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள், பெண் வைத்தியர் இன்மையாற் பிரசவத்தில் மாண்ட நிகழ்ச்சியே அவரை வைத்தியத் தொழிலிற் புகுத்திற்று என்பது நம் வாசகர் பலரும் அறிந்த வரலாறு. அம்மையார் 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தம் பணியைத் தொடங்கினார். பின்னர்க் குடியாத்தம் செல்லும் சாலையோரத்து மரநிழல்களிலே நோயாளிகளைக் காணலானார். 1918-இல் பெண்களுக்கு வைத்தியப் பள்ளி நிறுவினார். அப்பள்ளியினின்றும் வளர்ந்த கல்லூரியில், மாணவர் முதலாண்டிலேயே கிராமத்திற் சில வாரம் தங்கி, வீடுதோறும் சென்று மக்கள் வாழ்க்கையை அறியும் வழக்கம் நெடுநாளாக உண்டு. நோயைக் காணுமுன் நோயாளியின் வீட்டைக் காணும் இவ்வழக்கம் சிறியதாகத் தோன்றினும், கிராமம் என்பது அச்சத்திற்குரிய இடம் அன்று என்பதை மாணவர் மனத்திற் பதியச் செய்வது அதுவே. அக்கல்லூரியிற் பயின்ற ஆரோலே தம்பதியர் 1970-இல் மகாராஷ்டிரத்து ஜாம்கேட் என்னும் வறண்ட ஊரிற் குடியேறி, எழுத்தறியாத கிராமப் பெண்களையே சுகாதார ஊழியராகப் பயிற்றுவித்து, 1979-இல் மக்ஸேஸே பரிசு பெற்றனர்.

மூன்றாவது காரணத்தை வெளிப்படையாகக் கூறச் சிலர் கூசுவர். மேற்பட்டப் படிப்பிற்கு இடம் பெறுதலே அது. தமிழ்நாட்டில் சர்க்கார் சேவையிலுள்ள வைத்தியர்க்கு மேற்பட்டப் படிப்பு இடங்களுள் ஒரு பாதி நெடுங்காலமாக ஒதுக்கப்பட்டு வந்தது. 2017-இல் அவ்வேற்பாடு நீதிமன்றத்தில் தடைப்பட்டது. கடினமான பகுதிகளிற் செய்த ஒவ்வோராண்டுச் சேவைக்கும் நுழைவுத் தேர்வில் பெற்ற மதிப்பெண்ணோடு நூற்றுக்குப் பத்து வீதம், முப்பதுக்கு மேற்படாமல், கூட்டித் தரும் முறையே எஞ்சிற்று. வைத்தியர் கிளர்ச்சி செய்தனர். முடிவில் 2020 ஆகஸ்ட் 31-இல் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் ஐவர், இவ்வாறு தனி வழி வகுக்கும் அதிகாரம் இராஜ்யங்களுக்கு உண்டு எனத் தீர்ப்பளித்தனர். அவ்வழியே மேற்பட்டம் பெறுவோர், படித்து முடித்தபின் கிராமம், மலை, பழங்குடியினர் வாழிடம் ஆகியவற்றில் ஐந்தாண்டேனும் பணிபுரிய ஏற்பாடு செய்தல் வேண்டும் என்றும் கூறினர்.

‘இது சுயநலம் அன்றோ? படிப்பிடத்திற்காகக் கிராமத்திற்குப் போகின்றவரைத் தொண்டர் எனலாமோ?’ என்று சிலர் வினவுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஓர் இளைஞர் தம் முன்னேற்றத்தையும் கருதியே கிராமத்திற்குச் செல்லினும், அங்கு அவரால் மூச்சு மீண்ட சிசுவிற்கு அவர் வந்த காரணம் யாதாயின் என்? கலப்பற்ற நோக்கம் உடையாரே பணிக்கு வருக என்போமாயின், பணிக்கு வருவார் மிகச் சிலராவர். தம் முன்னேற்றமும் பிறர் நலமும் ஒரே வழியிற் செல்லுமாறு அவ்வழியை வகுப்பது அரசியலின் கடமை. ஆயினும் ஒன்று மறத்தற்கில்லை: மேற்பட்டத்தை மட்டும் கருதி வந்தவர், அது கிடைத்ததும் அந்நிலையத்தை விட்டு நீங்குவர். ஆகவே இக்காரணம் இளைஞரைக் கிராமத்திற்கு அழைத்துவரப் போதுமானது. அங்கே நிறுத்தப் போதுமானது அன்று.

நிறுத்துவது எது? அதுவே நான்காவது காரணமாகிய தொழிலின் தன்மை. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இளம் வைத்தியர் பலருள் ஒருவர். மேலுள்ளார் முடிவு செய்வர், அவர் எழுதுவார். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ முடிவு செய்பவர் அவரே. ஓர் உதாரணம் கூறுவாம். கழனியில் வேலைசெய்த கூலியாள் ஒருவனை மாலையில் பாம்பு தீண்டிற்று என்று தூக்கி வருகின்றனர். எப்பாம்பு என்று கண்டார் இலர். வைத்தியர் அவனது இரத்தத்திற் சிறிதளவைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து அசையாமல் வைத்து, இருபது நிமிஷம் காத்திருக்கின்றார். உறைந்ததாயின் நன்று, உறையாது நீராக ஓடுமாயின் விரியனின் விஷம் இரத்தத்திற் கலந்தது என்பது துணிபு. கண்ணிமைகள் தாமே சோர்ந்து விழுமாயின், நாகமோ கட்டுவிரியனோ தீண்டியதாகக் கொள்ளலாம். உடனே விஷமுறிவு மருந்தை ஏற்றுதல் வேண்டும். அம்மருந்தே சிலர்க்கு ஒவ்வாது தீங்கு செய்யுமாதலின், அதற்கு மாற்றாகிய அட்ரினலினையும் அருகில் வைத்துக்கொள்ளுதல் வேண்டும். இத்தனைக்கும் தேவைப்படுவன விலையுயர்ந்த யந்திரங்கள் அல்ல; ஒரு கண்ணாடிக் குழாயும், கடிகாரமும், மருந்தும், துணிந்த உள்ளமுமே. 2000 முதல் 2019 வரை இந்திய நாட்டில் பாம்பு தீண்டி மாண்டவர் ஏறக்குறையப் பன்னிரண்டு இலட்சம் பேர் என்று கணக்கிடப்பட்டுள்ளது. அவருட் பெரும்பாலோர் கிராமத்தாரே. அவ்விரவில் அக்கூலியாள் பிழைத்து, மூன்றாம் நாள் தன் காலால் நடந்து வீடு திரும்புங்கால், அவ்விளம் வைத்தியர் பெறும் உவகையைப் பட்டணம் எளிதில் அளிக்காது.

அபாய காலத்துப் பணி மட்டும் அன்று. அன்றாடப் பணியும் அத்தகையதே. தமிழ்நாட்டில் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளைப் பார்க்கும் நாள். புதன்கிழமை குழந்தைகளுக்குத் தடுப்பூசி இடும் நாள். செவ்வாயன்று தாயின் வயிற்றிலிருந்த சிசுவை, சில மாதங்கட்குப் பின் புதனன்று அவள் இடுப்பிற் காண்கின்றார் வைத்தியர். 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தால், நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் உரிய மாத்திரைகள் வீட்டிற்கே செல்லலாயின. ஒரு குடும்பத்தின் பாட்டனையும் பேரனையும் ஒருசேர அறியும் இவ்வாய்ப்பு, நோயை மட்டும் அன்றி வாழ்வையும் அறியச் செய்வதாகும்.

இனி, இவையெல்லாம் இருந்தும் பலர் ஏன் நிலைத்திலர்? திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள், வைத்தியத்திற்கு நான்கு உறுப்புக் கூறுகின்றது: நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து உதவுவான் என்பன. நம்மவர் பெரும்பாலும் இரண்டாவதை மட்டுமே எண்ணி, வைத்தியரை அனுப்பிவிட்டால் வைத்தியம் அனுப்பப்பட்டது என்று கருதுகின்றனர். மருந்தில்லாத அலமாரியின் முன் அமர்ந்த வைத்தியர் சீட்டு எழுதும் குமாஸ்தாவே ஆவர். இக்குறையை நீக்கவே 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைக்கப்பட்டது. மருந்துகளை மொத்தமாக வாங்கி, சோதனைச் சாலைகளிற் பரிசோதித்து, ஒவ்வொரு நிலையத்திற்கும் பாஸ் புஸ்தகம் ஒன்று கொடுத்து, தேவைக்கேற்ப எடுத்துக்கொள்ளச் செய்தது அது. பிற இராஜ்யங்களும் அம்முறையைப் பின்பற்றின. நான்காவது உறுப்பாகிய உடனிருந்து உதவுவாருள் முதல்வர் கிராம சுகாதாரச் செவிலியர். எவ்வீட்டிற் கர்ப்பிணி உளள், எவ்வீட்டிற் குழந்தைக்கு ஊசி தவறிற்று, எவர் மருந்தை உண்ணாது மறைக்கின்றார் என்பன வெல்லாம் அவ்வம்மையார்க்கே தெரியும். புதிதாக வந்த இளம் வைத்தியர்க்கு ஊரை அறிமுகம் செய்து வைப்பவரும் அவரே.

மருந்தும் துணையும் உள்ள இடத்தில் வைத்தியர் நிற்கின்றார். இல்லாத இடத்தில் தளர்கின்றார். தளர்ந்தவர் நீங்குவாராயின் அவரை மட்டும் குறைகூறல் நேர்மை ஆகாது. குடியிருக்க நல்ல வீடு, பிள்ளைகள் பயில நல்ல பள்ளி, இரவிற் பணிபுரியும் பெண் வைத்தியர்க்குப் பாதுகாப்பு, ஐயம் தோன்றியபோது வினவ ஒரு மூத்தவர், உரிய காலத்தில் மாற்றமும் உயர்வும் ஆகிய இவை ஆடம்பரங்கள் அல்ல. இவை இன்மையே பல நல்லுள்ளங்களை வாட்டிவிடுகின்றது.

ஆக, இளம் வைத்தியர் கிராமத்தை நாடுவது ஏன் என்னும் வினாவிற்கு விடை ஒன்றன்று. பிறந்த மண்ணின் பற்று, கற்ற முறை, தம் முன்னேற்றம், தொழில் தரும் நிறைவு என நான்கும் கூடியே ஒருவரை அங்குச் செலுத்துகின்றன. செல்லுதல் அவர் செய்யும் தேர்வு. ஆயின், கல்லூரி வாயிலைக் கிராமத்துப் பிள்ளைக்குத் திறத்தல், கிராமத்தையே வகுப்பறை ஆக்குதல், மருந்தும் துணையும் தவறாது அளித்தல் ஆகிய இவற்றுள் ஒன்றேனும் அவர் தனித்துச் செய்யக் கூடியது அன்று. அவை பிறர் செய்ய வேண்டுவன. அப்பிறருள் நாமும் அடங்குவோம்.

மாணவ நண்பர்காள்! நம்முள் வைத்தியர் ஆவார் சிலரே. ஆயின் ஆசிரியர் ஆவோர், சர்க்கார் உத்தியோகம் ஏற்போர், பஞ்சாயத்தில் அங்கம் வகிப்போர் பலராவர். கிராமப் பள்ளியில் விஞ்ஞான பாடத்தைச் செவ்வையாகக் கற்பிக்கும் ஆசிரியர், பத்தாண்டிற்குப் பின் அவ்வூர்க்கு ஒரு வைத்தியரை அளித்தவர் ஆகலாம். சுகாதார நிலையத்திற்குச் செல்லும் பாதையைச் செப்பனிடுவித்த பஞ்சாயத்து அங்கத்தினர், பிரசவ வேதனையுற்ற ஒருத்தியை உரிய நேரத்தில் அங்குச் சேர்ப்பித்தவர் ஆகலாம். நம் ஊர்க்கு இளம் வைத்தியர் ஒருவர் புதிதாக வந்தார் எனக் கேள்வியுற்றால், ‘இவர் எத்தனை நாள் இருப்பார்?’ என்று ஐயுறுதல் ஒழிந்து, ‘இவர் இருத்தற்கு நாம் செய்யக் கடவது யாது?’ என்று வினவுவோமாக. அவ்வாறு வினவுவார் ஒவ்வொருவரும் உடனிருந்து உதவும் அந்நான்காம் உறுப்பே ஆவர்.